எத்தினை எடுத்தனீர்?

அமெரிக்கக் கால்பந்துக் குழுக்களில் சேர வருகிற பையன்களுக்கு ஓர் அறிவுச் சோதனை வைப்பார்கள். அதை நிறுத்திவிட்டார்கள் என்று சில வருஷங்களுக்கு முன் செய்தியில் படித்தேன். எனக்கு அந்த விளையாட்டில் பெரிய அக்கறை கிடையாது. ஆனால் படித்த உடனே, மொன்றியலில் நான் அறை எடுத்துத் தங்கியிருந்த வீட்டுக்காரர் நினைவுக்கு வந்தார். மனுஷன் இதை எப்படித் தாங்கிக்கொண்டாரோ என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவரை முதலில் பார்த்தது ஓர் ஆகஸ்ட் கடைசியில். பார்க் எக்ஸ்டென்ஷன் என்கிற பகுதியில் மூன்றாவது மாடி, வெளிப்பக்கமாக இரும்புப் படி. இரண்டு பெட்டிகளை இழுத்து ஏற்றிவிட்டு மூச்சு வாங்க நின்ற என்னை அவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. ஊர் எது, சைவமா அசைவமா, சிகரெட் உண்டா என்று எதுவும் கேட்கவில்லை.

“பிளஸ் டூவிலை எத்தினை எடுத்தனீர்?” என்றார்.

ஆயிரத்து எண்பத்தேழு என்றேன். கணிதத்தில் எத்தனை என்றார். நூற்றுத் தொண்ணூற்றாறு. மிச்சம் நாலு எங்கே போனது என்று கேட்டார். போலீஸ் ஸ்டேஷனில் நிற்பதுபோல இருந்தது எனக்கு. தெரியலை அங்கிள் என்றேன். “அங்கிள் எண்டு கூப்பிடாதேயும், அண்ணை எண்டு கூப்பிடும். நாலு மார்க்கை லேசா நினையாதேயும்” என்று சொல்லிவிட்டு வழியை விட்டார். அறை கிடைத்தது மார்க்குக்காகவா, என் முகத்தைப் பார்த்த இரக்கத்திலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவருக்கு அப்போது அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். லாசாலில் கதவுப் பூட்டு செய்கிற தொழிற்சாலையில் பூட்டுகளைச் சோதித்துப் பார்க்கிற வேலை. அவர் மனைவி கார்டரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமைத்தார். ஒரே மகள் ஆரணி சேஜெப்பில் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் கியூபெக்கில் இருக்கிற இரண்டு வருஷப் படிப்பு அது. அவள் மருத்துவத்துக்குப் போக வேண்டும் என்பது அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் எல்லாரும் அதைச் சுற்றியே நடமாடிய விஷயம்.

எத்தனை என்று அவர் கேட்காத ஆளே கிடையாது. கோயில் ஐயர், டெபனர் என்கிற தெருமுனைக் கடைக்காரர், எதிர் வீட்டுப் பஞ்சாபி எல்லாரும் அவருக்கு மார்க்குகள்தான். பெயர்கள் மறந்துபோகும், மார்க் மறக்காது. “உந்த ரெண்டு பி ஒரு சி வந்திட்டுப் போனவர்” என்று சொன்னால் யார் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒருமுறை ஹீட்டர் சரிபார்க்க வந்த கியூபெக்காரரிடமும் கேட்கச் சொல்லி ஆரணியைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு வினாடி யோசித்துவிட்டுப் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். வந்தவர் சிரித்துக்கொண்டே “உய், மெர்சி” என்றார், சரி, நன்றி என்று அர்த்தம். என்னவாம் என்று கேட்ட அப்பாவுக்கு, எண்பதாம் என்று பதில் சொல்லிவிட்டு கோப்பி போட உள்ளே போனாள். அண்ணைக்கு நிம்மதி. எண்பது எடுத்தவர் கைவைத்த ஹீட்டர் என்று அந்தக் குளிர்காலம் முழுக்க அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

தன்னுடைய மார்க்கை மட்டும் அவர் சொன்னதில்லை. கேட்டால் கட்டைவிரலை உள்ளே மடித்து நாலு விரலைக் காட்டுவார். நாலு மார்க்கில் தவறிவிட்டது என்று அர்த்தம். எது தவறியது என்று நான் தெரிந்துகொள்ளச் சில மாதங்கள் ஆயின.

நான் படிக்கப் போனது புள்ளியியல். அக்டோபரில் என் பேராசிரியர் ஒரு செயல்திட்டம் கொடுத்தார். அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக் என்று ஓர் ஆட்டக்காரர் உண்டு. அவர்களின் அறிவுச் சோதனை மதிப்பெண்ணுக்கும் பிற்பாடு அவர்கள் ஆடிய ஆட்டத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால்பந்து என்றால் காலால் உதைப்பது என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான். குவாட்டர் என்றால் எங்கள் ஊரில் டாஸ்மாக்கில் கிடைப்பது. இதில் கோட்டைவிட்டால் அடுத்த பருவம் இல்லை, விசா இல்லை, நேரே விமானம்தான் என்று எனக்குள் ஓடியது.

வீட்டில் வந்து புலம்பினேன். அண்ணையின் முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

“குவாட்டர்பாக்கோ? இஞ்சை வாரும், இரும்” என்றார்.

தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் கூட வேலை செய்கிறவர் யாரோ சொல்லி அவருக்கு இந்த விளையாட்டு அறிமுகம் ஆகியிருக்கிறது. ஆட்டம் பிடித்ததால் இல்லை, ஆடுகிறவன் சோதினை எழுதுகிறான் என்பதால் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு நிமிஷம், ஐம்பது கேள்வி. மதிப்பெண் ரகசியம் என்பார்கள், ஆனால் எப்படியோ பத்திரிகைக்கு வந்துவிடும். அந்த எண்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். பந்தைக் கையில் வாங்கி, எதிரில் ஐந்தாறு தடியன்கள் பாய்ந்து வருவதற்குள், யாரிடம் எறிவது என்று முடிவு செய்ய வேண்டியவன் குவாட்டர்பேக். மூளை இல்லாமல் அது முடியாது என்பது அண்ணையின் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு ஆட்டம் தொடங்கும். மடியில் புட்டுத் தட்டை வைத்துக்கொண்டு உட்காருவார். எந்தப் பக்கத்துக் குவாட்டர்பேக் அதிக மார்க்கோ அந்தப் பக்கம்தான் அவர் பக்கம். பாவம், அந்தப் பக்கம் அடிக்கடி தோற்கும். அதிக மார்க்காரன் புல்லில் விழுந்து கிடப்பான், குறைந்த மார்க்காரன் கோப்பையைத் தூக்குவான். அண்ணை தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிசைவார். பெடியனுக்குக் காவல் சரியில்லை, மழை, பயிற்சியாளர் சரியில்லை என்று காரணம் அடுக்குவார். இத்தனை பதற்றப்பட்டு ஏன் பார்க்க வேண்டும் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

நவம்பரில் ஒரு ஞாயிறு, திட்டம் எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டார். வெவ்வேறு வருஷத்து எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது, ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று விளக்கினேன். பிளஸ் டூ வரை தமிழில் படித்தவன் நான். அந்த வார்த்தை தானாக வாயில் வந்தது.

“முதல்ல எல்லார் மார்க்கையும் தரப்படுத்தணும் அண்ணே.”

அவர் ரிமோட்டை எடுத்து டி.வி.யை நிறுத்தினார். ஆட்டம் பாதியில் இருந்தது. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றும் மறுநாளும் என்னிடம் பேசவில்லை.

என்ன குற்றம் செய்தேன் என்று தெரியாமல் நான் முழித்துக்கொண்டிருந்தபோது ஆரணிதான் சொன்னாள். எழுபதுகளில் இலங்கை அரசாங்கம் கொண்டுவந்த முறைக்குத் தரப்படுத்தல் என்று பெயர். தமிழில் சோதனை எழுதியவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போகச் சிங்களத்தில் எழுதியவர்களைவிடக் கூடுதலாக மார்க் எடுக்க வேண்டியிருந்தது. அண்ணைக்கு மருத்துவம் நாலு மார்க்கில் போனது அதில்தான். அவரைவிடக் குறைவாக எடுத்த ஒருவர் உள்ளே போய் டாக்டராகி எங்கோ வெளிநாட்டில் இருக்கிறார். நான் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த வார்த்தை அந்த வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தை. எனக்குக் கூசிப்போயிற்று.

அவள் சொல்ல வந்தது அது மட்டும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அண்ணா, இஞ்சையும் அதுதான் செய்யினம். கோட் ஆர் எண்டு. அப்பாவுக்கு அது என்னெண்டு தெரியாது. தெரிஞ்சால் சேஜெப்புக்கு வந்து நிப்பார். ப்ளீஸ், சொல்லாதேங்கோ.”

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. பள்ளியில் படித்தபோது ஒரு தேர்வில் இரண்டு மார்க் குறைந்ததற்கு, அண்ணை தொழிற்சாலை ஜாக்கெட்டோடு போய் வகுப்பு வாசலில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். கோட் ஆரில் சேஜெப் மார்க்கை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. வகுப்பு சராசரியோடு ஒப்பிட்டு, கூட இருக்கிற பிள்ளைகள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்றும் பார்த்து, கூட்டிக் குறைத்து ஓர் எண் தருவார்கள். மருத்துவத்துக்குக் கூப்பிடுவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் அந்த எண்ணில் இருக்கிறது. ஆரணி வீட்டில் தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றைந்து என்று வெறும் மார்க்கை மட்டும் சொல்லி வந்தாள். கோட் ஆர் பற்றிக் கோயிலில் மற்றப் பெற்றோர் பேசுவது அண்ணை காதில் விழாமல் இல்லை. ஆனால் அவர்கள் கண் திருஷ்டிக்குப் பயந்து எண்ணைச் சொல்ல மாட்டார்கள். இவரோ தெரியாததைத் தெரியாது என்று கேட்க மாட்டார். தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார்.

சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு முள்ளின் மேல் உட்கார்ந்த மாதிரி ஆயின. அண்ணை என் திட்டத்தைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்துப் பேசினேன்.

டிசம்பரில் என் கணினியில் புள்ளிகள் வந்தன. கிடைமட்டத்தில் சோதனை மார்க், செங்குத்தில் ஆட்டம். தொடர்பு இருந்தால் புள்ளிகள் ஒரு கோடுபோல ஏற வேண்டும். இவை சாப்பிட்டு எழுந்த இலையில் சிந்திய பருக்கைபோலக் கிடந்தன. முன்பு இதை ஆராய்ந்தவர்களும் பெரும்பாலும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். அண்ணையிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“அப்ப மார்க் ஒண்டும் சொல்லேல்லை எண்டுறீரோ?”

அப்படித்தான் தெரிகிறது என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மார்க்கால் வாழ்க்கையைத் தொலைத்தவருக்கு, மார்க்கில் ஒன்றும் இல்லை என்பது ஆறுதல்தானே என்று என் கணக்கு. அவர் முகம் வெளுத்துப்போனது. பிறகுதான் எனக்கு உறைத்தது. மார்க்குக்கு அர்த்தம் இருந்தால்தான் அவருக்கு நடந்தது அநியாயம். அர்த்தமே இல்லை என்றால் அந்த நாலு மார்க்கும் ஒன்றுமில்லை, நாற்பது வருஷமாக மடித்து வைத்திருந்த கட்டைவிரலும் ஒன்றுமில்லை.

“உதிலை விளையாடின பெடியள் மட்டும்தானே நிக்கினம்” என்றார் திரையில் விரலை வைத்து. “விளையாட விடாத பெடியளின்ரை கணக்கு எங்கை?”

அவங்க டேட்டால இல்ல அண்ணே என்று சாதாரணமாகச் சொன்னேன். என் பேராசிரியரும் மறுவாரம் அதே கேள்வியைத்தான் கேட்டார். அறிக்கையில் குறைபாடுகள் என்று ஒரு பத்தி சேர்த்துவிட்டு அதை மறந்துபோனேன்.

ஜனவரி கடைசியில் அண்ணை மாறிப்போனார். எத்தனை என்று கேட்பதை நிறுத்திவிட்டார். புதிதாகக் கீழ் வீட்டுக்கு வந்த பெங்காலிக்காரரிடம் கேட்கவில்லை. நான் தேர்வு எழுதிவிட்டு வந்தபோது கேட்கவில்லை. ஆரணியிடமும் கேட்கவில்லை. அவள் வீட்டுக்குள் வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போனார். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. என் புள்ளிகளால்தான் இப்படி ஆனார் என்று எனக்குள் குறுகுறுத்தது. மனைவி டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினார். டாக்டர் என்ற வார்த்தையைக் கேட்டதும் சட்டென்று ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படியில் இறங்கிவிட்டார். ஆரணி என்னைத் தனியாகப் பிடித்து, கோட் ஆர் பற்றிச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. சத்தியமாக இல்லை என்றேன்.

மூன்று வாரம் இப்படிப் போனது. பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவராக வந்து என் அறை வாசலில் நின்றார்.

“தம்பி, ஒரு குவாட்டர்பாக். சோதினையிலை முப்பத்திநாலாயிரத்தாம் ஆளா வந்தவன். அவனாலை விளையாட ஏலுமோ?”

முப்பத்துநாலாயிரம் பேர் அந்தச் சோதனையை எழுதுவதே இல்லையே என்றேன்.

“எழுதினம் எண்டு வையுமன். உம்மடை புள்ளியள் என்ன சொல்லுது? மார்க்கிலை ஒண்டுமில்லை எண்டுதானே சொன்னனீர்? அதைத் திருப்பிச் சொல்லும்.”

எனக்குப் பயமாகிவிட்டது. மார்க்குக்கு அர்த்தம் உண்டு என்று இத்தனை நாள் சாதித்த மனுஷன், இல்லை என்று சொல்லச் சொல்லிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். யாருக்காக அண்ணே கேக்கறீங்க என்றேன். சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். பிரிண்டரில் ஆரணி விட்டுப்போனது. பிரெஞ்சில் நாலைந்து வரி, கீழே தடித்த எழுத்தில் கோட் ஆர், அதற்கு எதிரே 34,612.

“ஆர் எண்டால் ராங்க். எனக்கு விளங்கும்” என்றார். “முப்பத்திநாலாயிரத்து அறுநூற்றிப் பன்னிரண்டாம் ஆள். பிள்ளை தொண்ணூற்றி நாலு, தொண்ணூற்றி அஞ்சு எண்டு எனக்குப் பொய் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் கேட்டுக் கேட்டுத்தான் அவள் பொய் சொல்லப் பழகினவள்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் புள்ளி வைக்கிற இடத்தில் கமா வைப்பார்கள். கடையில் விலைச்சீட்டில் தினமும் பார்க்கிறவர்தான். ஆனால் கமாவுக்குப் பின்னால் மூன்று இலக்கம் நின்றதும் அது அவருக்கு ஆயிரமாகிவிட்டது. மூன்று வாரமாக அந்தக் கமாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பூட்டுகளைச் சோதித்திருக்கிறார்.

அது ஆயிரம் இல்லை, முப்பத்துநாலு புள்ளி ஆறு என்றேன். ராங்க் இல்லை, மிக நல்ல எண், நேர்முகத்துக்குக் கூப்பிட நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றேன். அவர் மெதுவாக என் கட்டிலில் உட்கார்ந்தார். மேலே பார்த்து ஏதோ முணுமுணுத்தார். அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் அவர் அண்ணை ஆயிற்றே. தாளை மறுபடி விரித்துப் பார்த்தார்.

“தொண்ணூற்றி நாலு எடுத்தவளுக்கு என்னெண்டு முப்பத்திநாலு வரும்?”

ஆரணிக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். இன்னொரு பொய்யைச் சொல்லி இந்த மனுஷனை அனுப்பினால் இதைவிடப் பெரிதாக எதையாவது கற்பனை செய்துகொண்டு கிடப்பார் என்பது இன்னொரு பக்கம்.

“தரப்படுத்தினது, அண்ணே.”

அவர் எழுந்து போவார் என்று காத்திருந்தேன். போகவில்லை. தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கடை ஆக்களை மட்டுமோ?”

“இல்ல அண்ணே. எல்லாரையும். ஒரே கணக்கு.”

எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் கூடிப் படிக்கிற இடத்தில் எடுத்த மார்க்குக்கு மதிப்புக் கூடும், மற்ற இடங்களில் அதே மார்க்குக்கு மதிப்புக் குறையும் என்றேன். ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். கேட்டதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்கவில்லை. கடைசியாக, அவளுக்குக் கூடியதா குறைந்ததா என்றார். அவள் படிக்கிற இடம் நல்ல இடம், கூடித்தான் இருக்கும் என்றேன்.

கீழே இரும்புப் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஆரணி கதவைத் திறந்து உள்ளே வந்து, அப்பா கையில் இருந்த தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் தோளில் விழுந்திருந்த பனியைக்கூடத் தட்டவில்லை.

“எத்தினை எடுத்தனி, பிள்ளை?” என்றார் அண்ணை. மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் கேட்டார்.

“முப்பத்திநாலு, அப்பா.”

“காணும்” என்றார். போதும் என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவர் வாயிலிருந்து எந்த எண்ணுக்கும் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. “காணும். சப்பாத்தைக் கழட்டிப்போட்டுப் போய்ச் சாப்பிடு.”

அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. அழுகிறாள் என்று தெரிந்தது. அண்ணை போய்ப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் என் கட்டிலிலேயே உட்கார்ந்து, தாளை மறுபடி எட்டாக மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எங்கடை பிள்ளைக்குக் கூடினது எண்டால், தம்பி, அப்ப ஆருக்குக் குறைஞ்சது?”

அவர் கையைப் பார்த்தேன். கட்டைவிரல் மடிந்துதான் இருந்தது.